கைப்பக்குவம்

பிப்ரவரி 2

அன்புள்ள தராசுக்கு,

உன் அத்தை எழுதுகிறேன். உறையைப் பார்த்ததுமே கண்டுபிடித்திருப்பாய். கோழி கிளறிய மாதிரி எழுத்து இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான். பதினாலு மாதம் கழித்து இவளுக்கு இப்போது என்ன வந்தது என்று நினைப்பாய். நினைத்துக்கொள், உனக்கு அந்த உரிமை உண்டு.

நலம் விசாரிக்கவே வாய் கூசுகிறது, இருந்தாலும் கேட்கிறேன். நன்றாக இருக்கிறாயா? அங்கே ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்டரில் சேர்ந்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டுத்தான் இந்த விலாசத்துக்கு எழுதுகிறேன். நாளெல்லாம் நிற்க வேண்டுமே, உட்கார ஒரு முக்காலியாவது கொடுத்தார்களா? எனக்கு இடது காது அறவே போய்விட்டது. வலது காது அதன் இஷ்டத்துக்கு வேலை செய்கிறது. போனில் யார் பேசினாலும் தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. அதனால்தான் கடிதம். பதிலை எதிர்வீட்டுத் தையல்கார அம்மா பெயருக்குப் போடு. இப்போதைக்கு என் மகன் கண்ணில் பட வேண்டாம்.

தலையைச் சுற்றி மூக்கைத் தொடாமல் விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு நாலு பேர் வருகிறார்கள். முக்கியமானவர்கள். அதில் கண்ணாடிக்கடைக்காரர் மனைவியும் உண்டு. "அன்னைக்குக் குடுத்தீங்களே, டீ வாசனை பிஸ்கட், அது கட்டாயம் வேணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். நானும் தலையை ஆட்டித் தொலைத்தேன். அவன் புது ஓவன் வாங்கி வந்திருக்கிறான். நீ உன்னுடையதைத் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து மேடையில் அந்த மூலை வெறிச்சென்று கிடந்தது. நேற்று நானாக ஒரு தடவை செய்து பார்த்தேன். பிஸ்கட் வரவில்லை, செங்கல் வந்தது.

மூன்று வருஷம் உன் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தவள்தான். வாய் பேசிக்கொண்டிருந்ததே தவிர கண் பார்க்கவில்லை போலிருக்கிறது. சொல்லித் தருவாயா?

உன்
அத்தை

*

பிப்ரவரி 6

அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. கவுன்டரில் ஆறு பேர் வரிசையில் நிற்கும்போதே பிரித்துவிட்டேன். முக்காலி கொடுத்துவிட்டார்கள். எதையும் எடை போட்டே செய்கிறேன் என்று நீங்கள் வைத்த பெயர்; என்னைத் தராசு என்று கூப்பிட இங்கே யாரும் இல்லை. அதைப் படித்ததும் ஒரு கணம் கை நின்றுவிட்டது. எதிரில் இருந்தவர் "அம்மா, மாத்திரை" என்று கேட்ட பிறகுதான் எண்ணத் தொடங்கினேன்.

கண்ணாடிக்கடைக்காரர் மனைவியை மறப்பேனா? அன்று கூடத்தில் அவர் "யார் செஞ்சது?" என்று கேட்டார். நான் இரண்டாவது தட்டோடு சமையலறை வாசலில் நின்றேன். நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டே "நான்தான் செஞ்சேன், எல்லாம் என் கைப்பக்குவம்" என்றீர்கள். அவர் போன பிறகு உங்கள் மகனிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்: "மாவு பிசைஞ்சது நான், பேர் வாங்குனது உங்க அம்மா." அவ்வளவுதான். அம்மாவைப் பற்றிப் பொய் சொல்கிறேன் என்று நினைத்து, அன்று மாலையிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. நாற்பத்தோரு நாள். நாற்பத்திரண்டாம் நாள் நான் பெட்டியை எடுத்தேன்.

அந்த பிஸ்கட்டை என்னிடமே கேட்க ஒரு தைரியம் வேண்டும், அத்தை. அந்தத் தைரியத்துக்காகவே சொல்லித் தருகிறேன்.

பொடித்த சர்க்கரை நூறு கிராம். உப்பில்லாத வெண்ணெய் இருநூறு. மைதா முந்நூறு. டீத்தூள் இரண்டு தேக்கரண்டி. ஏலக்காய் ஆறு, கிராம்பு இரண்டு, மிளகு நாலு, பட்டை விரல் நீளம், சுக்குப் பொடி அரைத் தேக்கரண்டி. ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெயையும் சர்க்கரையையும் முதலில் குழைத்து, மற்றவற்றைச் சேர்த்து உருட்டி, வட்டம் வட்டமாக வெட்டி, நூற்று அறுபது டிகிரியில் இருபது நிமிடம். கண்ணால் அளக்காதீர்கள். எடை பாருங்கள்.

இரண்டு கேள்வி. நீங்கள் எனக்கு எழுதுவது அவருக்குத் தெரியுமா? ஓவன் வாங்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றியது?

மருமகள்

*

பிப்ரவரி 11

அன்புள்ள தராசுக்கு,

நீ பதில் போட்டாயே, அதுவே போதும். தையல்கார அம்மா உறையைக் கொண்டுவந்து கொடுத்தபோது அவளுடைய ஊசி டப்பாவைத் தட்டிவிட்டேன். இரண்டு பேரும் குனிந்து அரை மணி நேரம் ஊசி பொறுக்கினோம்.

உன் கணக்குப்படிதான் செய்தேன். டீத்தூளில் மட்டும் எனக்குச் சந்தேகம் வந்தது. பச்சை டீத்தூளை யாராவது தின்பார்களா, பல்லில் நறநறவென்று கடிபடாதா என்று நினைத்து, அதைத் தண்ணீரில் போட்டு, நன்றாகச் சாறு இறங்கக் கொதிக்கவிட்டு, வடிகட்டி மாவில் ஊற்றினேன். மாவு கறுத்துப்போய்க் கையில் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. இன்னும் கொஞ்சம் மைதா போட்டேன். அப்புறம் இன்னும் கொஞ்சம். வெந்து வந்ததும் எடுத்துக் கடித்தேன், கடைவாய்ப்பல் ஆடியது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நான் ஓவனைத் திட்டினேன்.

அவன் அலுவலகத்திலிருந்து வந்து, கூடத்து மேசையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒன்றை எடுத்துக் கடித்தான். "அவ செஞ்சா இந்தக் கசப்பு இருக்காதும்மா" என்றான். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

நீ கேட்ட இரண்டு கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளேன். எங்கே தப்பு என்று மட்டும் சொல்.

உன்
அத்தை

*

பிப்ரவரி 15

அன்புள்ள அத்தைக்கு,

எங்கே தப்பு என்றா கேட்கிறீர்கள்? பிஸ்கட் மாவில் தண்ணீர் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. ஊற்றினால் இறுகி ஓடாகிவிடும். டீத்தூளைக் காய்ந்தபடியே, ஏலக்காய், பட்டை, கிராம்பு, மிளகோடு சேர்த்து மிக்ஸியில் போட்டு, முகத்துக்குப் பூசும் பவுடர் மாதிரி நைசாக அரைத்துச் சலியுங்கள். பல்லில் படாது. இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். மருந்துச் சீட்டில் 'தண்ணீரில் கலக்க வேண்டாம்' என்று எழுதாமல் கொடுத்ததைப் போல ஆகிவிட்டது. டீயைக் காய்ச்சி மாவில் ஊற்ற உங்கள் ஒருவருக்குத்தான் தோன்றும். படித்துவிட்டு அறையில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து அறையில் இருக்கும் நர்ஸ் கதவைத் தட்டி "என்ன ஆச்சு, ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டாள். என் சிரிப்பை அவள் இதுவரை கேட்டதில்லை.

அவர் சொன்ன அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அவர் பேசாத அந்த நாட்களில் மூன்று பேரும் ஒரே மேசையில்தான் சாப்பிட்டோம். எனக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு உங்களிடம் "அவகிட்ட உப்பு கேளும்மா" என்பார். நீங்கள் என் பக்கம் திரும்பி "உப்பு வேணுமாம்" என்பீர்கள். நான் உப்பை உங்களிடம் கொடுப்பேன். நீங்கள் அவரிடம் கொடுப்பீர்கள். பத்தாம் நாள் வரை எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. இருபதாம் நாள் கோபம் வந்தது. அதற்கப்புறம், நான் அந்த வீட்டில் நிஜமாகவே இருக்கிறேனா என்று சந்தேகம் வந்துவிட்டது. கண்ணாடி முன்னால் நின்று என் குரல் வெளியே வருகிறதா என்று பேசிப் பார்த்தேன். அதன் பிறகுதான் கிளம்பினேன்.

எனக்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம். அவர் நேராக என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசினால் போதும். "வா" என்றாலும் சரி, "உப்பு" என்றாலும் சரி. அந்த ஒரு வார்த்தைக்கு நான் வந்துவிடுவேன். இதை அவரிடம் சொல்லுங்கள். சொல்வீர்களா?

உங்கள்
தராசு

*

பிப்ரவரி 19

அன்புள்ள தராசுக்கு,

அரைத்தேன், சலித்தேன். இந்தத் தடவை வீடு முழுவதும் வாசனை. மாடியில் குடியிருக்கும் ரேடியோ மெக்கானிக் இறங்கி வந்து "என்னம்மா, டீக்கடை தொறந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ருசியும் உன்னுடையதற்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

ஆனால் உருவம் வரவில்லை. வட்டமாக வெட்டி வைத்தவை எல்லாம் உள்ளே போனதும் ஒன்றோடொன்று ஒட்டித் தட்டு முழுக்கப் பரவிக் கூட்டுக் குடும்பமாகிவிட்டன. சூட்டோடு கத்தியால் பிரிக்கப் போனேன், பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு கிண்ணத்தில் அள்ளிவைத்துக் கரண்டியால் சாப்பிட்டேன். வெண்ணெயை உருக்கித்தான் போட்டேன். குழைக்கக் கையில் தெம்பில்லை.

அவனைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவனை உனக்குத் தெரியாதா? எதற்கும் நேரம் காலம் பார்த்துத்தான் பேச வேண்டும். அலுவலகத்தில் ஏதோ ஒரு பெரிய சாலை வேலையாம், நாலு ஊரின் நிலத்தையும் வரைந்து கொடுக்க வேண்டுமாம். கண்ணைக் கசக்கிக்கொண்டே வருகிறான், கசக்கிக்கொண்டே படுக்கிறான். என்னோடு மட்டும் பேசுகிறானா என்ன? இந்த வீட்டில் இப்போது அவனுக்கு வாய் இல்லை, எனக்குக் காது இல்லை. நன்றாகத்தான் ஓடுகிறது குடித்தனம்.

நீ எங்கே இருந்தாலும் எனக்கு மருமகள்தான். நான் கண்ணை மூடும்வரை அது மாறாது.

இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. சீக்கிரம் எழுது.

உன்
அத்தை

*

பிப்ரவரி 23

அன்புள்ள அத்தைக்கு,

ஒரே ஒரு கேள்வி கேட்டேன். கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக நழுவிவிட்டீர்கள். பரவாயில்லை. உங்களால் அவரிடம் பேச முடியவில்லை என்று புரிகிறது. நானே ஒரு வழி யோசித்துவிட்டேன்.

வெண்ணெய் உருகக்கூடாது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிற பதத்தில் இருக்க வேண்டும். மாவை உருளையாக உருட்டி, வெண்ணெய்த் தாளில் சுற்றி, ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்த பிறகுதான் வெட்ட வேண்டும். வெந்த பிறகு தட்டிலேயே ஆற விட வேண்டும், சூட்டில் தொடக்கூடாது. இதெல்லாம் எழுதி உங்களுக்கு வராது, அத்தை. பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும்.

அதனால் நான் வருகிறேன். சனிக்கிழமை எட்டாம் தேதி காலை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். மதியம் வீட்டில் இருப்பேன். இரண்டு நாள் விடுப்பு கேட்டதும் தலைமை மருந்தாளுநர் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து நீ லீவே கேட்டதில்லையே, நல்ல விஷயமா?" என்றார். தெரியாது என்றேன். முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும், உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சனிக்கிழமை மாவு பிசைந்து வைத்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வருவதற்குள் சுட்டுவிடலாம். நான் கூடத்துக்கே வர மாட்டேன். "நான்தான் செஞ்சேன்" என்றே சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை. அன்றே விட்டிருக்க வேண்டியதை இன்று விடுகிறேன். எனக்கு வேண்டியது, அவர் சமையலறைக்குத் தண்ணீர் குடிக்க வரும்போது நான் அங்கே நிற்க வேண்டும். நேரில் நிற்கிறவளிடம் எத்தனை நேரம்தான் பேசாமல் இருப்பார்?

இங்கே கிடைக்கும் ஏலக்காய் நன்றாக இருக்கிறது. வாங்கி வைத்திருக்கிறேன். உங்களுக்கு வேறு ஏதாவது வேண்டுமா?

உங்கள்
தராசு

*

பிப்ரவரி 26

தராசு,

நீ வர வேண்டாம். இதை முதலில் படித்துவிடு, மற்றதைப் பிறகு படி. டிக்கெட்டை ரத்து செய்துவிடு.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். முடியவில்லை. ஒன்பதாம் தேதி வருகிறவர்கள் பெண் வீட்டார். கண்ணாடிக்கடைக்காரர் மனைவியின் தங்கை மகள். ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. அவளுக்கும் முதல் கல்யாணம் முறிந்துபோனதுதான். ஒரு மாதமாகப் பேச்சு நடக்கிறது. அவன் சரி என்று தலையை அசைத்துவிட்டான். விவாகரத்துப் பத்திரம் வக்கீலிடம் தயாராக இருக்கிறது. இரண்டொரு நாளில் உனக்கு வரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. "கசப்பு இருக்காதும்மா" என்று அவன் சொல்லவில்லை. ஒன்றைக் கடித்தான். தண்ணீர் வேண்டும் என்று கையால் காட்டினான். மற்றதெல்லாம் நானே எழுதியது. நீ பாதியில் பதிலை நிறுத்திவிடுவாயோ என்று பயந்து எழுதினேன். ஓவன் வாங்கச் சொன்னதும் நான்தான்.

உன்னைக் கூப்பிடச் சொல்லி அவனிடம் நான் ஏன் கேட்கவில்லை என்று நினைப்பாய். கேட்டால் அன்றைக்குப் பொய் சொன்னது யார் என்ற பேச்சு வரும். "அவ சொன்னதுதான் நெஜம்டா, நான்தான் பொய் சொன்னேன்" என்று மகனிடம் நான் சொல்ல வேண்டும். அந்த நாற்பத்தோரு நாளும் அது என் நாக்கின் நுனியில்தான் இருந்தது. கீழே விழவில்லை. அறுபத்தெட்டு வயதில் மகன் முன்னால் பொய்க்காரியாக நிற்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஒரு நாள் போனால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். நீ பெட்டியோடு வெளியே போனபோதும் அப்படித்தான் நினைத்தேன்.

திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. வந்துவிடாதே.

வெண்ணெய் பதம் எழுதியிருந்தாய், அதன்படி செய்து பார்க்கிறேன். குளிர்பெட்டியில் கீழ்த்தட்டிலா, மேலே ஐஸ் வைக்கிற இடத்திலா?

அத்தை

*

மார்ச் 2

அத்தைக்கு,

கீழ்த்தட்டில்.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். விடுப்பை ரத்து செய்யவில்லை. தலைமை மருந்தாளுநர் அம்மாவிடம் போய், நல்ல விஷயம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு நாளும் அறையிலேயே இருந்துகொள்கிறேன்.

உங்களைத் திட்டிப் பக்கம் பக்கமாக எழுதினேன். கிழித்துவிட்டேன். கடைசியில் கேட்க ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது.

பத்திரம் நேற்று வந்தது. கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், இழுத்தடிக்க மாட்டேன். அதற்கு முன்னால் நீங்கள் எனக்காக ஒன்று செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தட்டைக் கொண்டுபோய் வைக்கும்போது, உங்கள் மகன் உட்கார்ந்திருக்க, அந்தப் பெண் உட்கார்ந்திருக்க, கண்ணாடிக்கடைக்காரர் மனைவியின் காதில் விழும்படி, "இது என் மருமகள் செய்முறை, அன்றைக்கும் அவள்தான் செய்தாள்" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். காரணம் சொல்ல வேண்டாம். யாரும் என்னைக் கூப்பிட வேண்டாம், அதெல்லாம் முடிந்துபோனது. ஆனால் நான் பொய் சொல்லிவிட்டு அந்த வீட்டை விட்டுப் போனவள் இல்லை என்று ஒரு தடவை அந்தக் கூடத்தில் சொல்லப்பட வேண்டும்.

சொல்லிவிட்டு எழுதுங்கள். நீங்கள் சொன்னேன் என்று எழுதினால் நம்புவேன். விசாரிக்க மாட்டேன்.

மருமகள்

*

மார்ச் 10

அன்புள்ள என் தராசுக்கு,

சொல்லிவிட்டேன்.

பிஸ்கட் அப்படியே உன்னுடையது மாதிரி வந்தது. ஓரம் மட்டும் பொன்னிறம், நடுவில் வெளுப்பு, கையில் எடுத்தால் உதிரவில்லை, வாயில் போட்டால் கரைந்தது. எடை போட்டே செய்தேன், தையல்கார அம்மா தராசு இரவல் வாங்கிக் கொடுத்தாள். தட்டை வைத்ததும் கண்ணாடிக்கடைக்காரர் மனைவி ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "இதுக்காகத்தான் வந்தேன்" என்றாள். அப்போது நான் எழுந்து நின்றேன். "இது என் மருமக செய்முறை. அன்னைக்கும் அவதான் செஞ்சா" என்று சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக்கடைக்காரர் மனைவி என் கையைப் பிடித்து, "இதைச் சொல்ல ஒரு மனசு வேணும்" என்றாள். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது.

உன்னால்தான் எனக்கு அந்தத் துணிச்சல் வந்தது. நீ நன்றாக இருப்பாய். கல்யாணம், கோர்ட் தீர்ப்பு வந்த கையோடு பதிவு அலுவலகத்தில் என்று பேசியிருக்கிறார்கள். பத்திரத்தை இந்த வாரத்துக்குள் போட்டுவிடுவாயா? வக்கீல் அவசரப்படுத்துகிறார்.

நீ எப்போதும் எனக்கு எழுத வேண்டும். நிறுத்திவிடாதே. ஓவனை நான் தினமும் துடைத்து வைக்கிறேன்.

என்றும் உன்
அத்தை

*

மார்ச் 17

அத்தைக்கு,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. நம்பினேன். பத்திரத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். விடுப்பு நாளில் வாங்கி வைத்திருந்த வெண்ணெய் இருந்தது. எனக்காக ஒரு தட்டு பிஸ்கட் சுட்டுக்கொண்டேன். உங்கள் வீட்டை விட்டு வந்த பிறகு நான் அதைச் சுட்டதே இல்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அந்தப் பெண் கவுன்டருக்கு வந்தாள். கையில் மருந்துச் சீட்டு இல்லாமல் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும், தான் யார் என்று சொன்னாள். அவள் வீட்டாருக்குக் காட்டிய பத்திர நகலில் என் வேலை இடம் இருந்ததாம், அதைப் பார்த்துக்கொண்டு நாலு மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறாள். சாப்பாட்டு இடைவேளை வரை பெஞ்சில் காத்திருந்தாள். என் டப்பாவிலிருந்து ஒரு பிஸ்கட் கொடுத்தேன். கடித்துப் பார்த்துவிட்டு, "அட, இது அவங்க செஞ்ச மாதிரியே இருக்கே. நீங்களும் அவங்ககிட்டதான் கத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டாள்.

நான் விசாரிக்க மாட்டேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். கேட்டுவிட்டேன். "தட்டை வச்சப்ப அவங்க ஏதாவது சொன்னாங்களா?" என்றேன். அவள் யோசித்துப் பார்த்தாள். "பெருசா ஒண்ணும் சொல்லலையே. யார் செஞ்சதுன்னு பெரியம்மா கேட்டாங்க. 'வேற யாரு, நான்தான், எல்லாம் என் கைப்பக்குவம்'னு சொன்னாங்க. எனக்கும் சொல்லித் தரேன்னாங்க" என்றாள்.

உங்களை நான் காட்டிக்கொடுக்கவில்லை. "ஆமா, அவங்ககிட்டதான் கத்துக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் வந்தது அதற்காக இல்லை. நான் ஏன் போனேன் என்று கேட்க வந்தாள். யாராவது கேட்க மாட்டார்களா என்று பதினைந்து மாதமாகக் காத்திருந்தவள் நான். உப்பு, மேசை, கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்தது, பிஸ்கட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளை ஒரு பெரிய தீமையிலிருந்து காப்பாற்றிவிட்டேன் என்றே நினைத்தேன். அவள் முகத்தில் மெல்ல ஒரு நிம்மதி வந்தது, அத்தை. "அவ்வளவுதானா?" என்று கேட்டாள். "என் மொத வீட்டுக்காரர் பேசிக்கிட்டே இருப்பாரு. பேச்சு முடியறப்ப கை ஓங்கிடுவாரு. பேசாம இருக்கறதுதான் இவர்கிட்ட குத்தம்னா, எனக்கு அது போதும். நான் நிம்மதியா புஸ்தகம் படிப்பேன்." சொல்லிவிட்டு என் கையைத் தொட்டு, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பஸ் நிலையம் வரை போய் ஏற்றிவிட்டு வந்தேன்.

பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் வக்கீலுக்கு இன்று அனுப்பிவிட்டேன். உங்கள் மகன் எனக்கு ஒரு வார்த்தை பாக்கி வைத்திருந்தார். இனி அது எனக்கு வேண்டாம்.

உங்களிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். அந்த நாற்பத்தோரு நாளும் மாலையானால் நீங்கள் சமையலறைக்கு வந்து, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வெங்காய விலை, எதிர்வீட்டுச் சண்டை, உங்கள் முழங்கால் வலி என்று ஏதாவது பேசிக்கொண்டிருப்பீர்கள். அந்த வீட்டில் என்னோடு பேசியவர் நீங்கள் ஒருவர்தான். எல்லாவற்றுக்கும் காரணம் நீங்கள்தான் என்று தெரிந்தும் உங்களை என்னால் வெறுக்க முடியாமல் இருந்தது அதனால்தான். உங்கள் முதல் கடிதத்தைப் பார்த்ததும் வரிசையில் ஆட்களை நிற்கவைத்துவிட்டுப் பிரித்ததும் அதனால்தான். அவருக்காக என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது, அவர் போனது எனக்கு வலிக்கவில்லை, நீங்கள் போனதுதான் வலித்தது.

இனி எனக்கு எழுதாதீர்கள். உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியும். பார்த்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன்.